கொத்து சாப்பிட்டு நாலு மணி நேரம் கழித்து

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற டவுன்களில் பார்மசி அலுமாரியைப் பார்த்தால் மஞ்சள், பச்சைத் தேயிலை, திராட்சை விதை, நெல்லி என்று தாவரச் சாறு அடைத்த கப்சூல் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. பார்மசிக்குப் போகாதவர்களையும் அவை விடுவதில்லை. வட்ஸ்அப் குழு வழியாகவோ தெரிந்த ஒருவர் வழியாகவோ லயத்து வாசல் வரைக்கும் வந்து சேர்கின்றன. விற்கிறவர்கள் சொல்லும் காரணம் ஏறத்தாழ ஒன்றுதான். எண்ணெயும் கொழுப்பும் கூடிய சாப்பாடு உடம்புக்குள் அழற்சியை உண்டாக்குகிறது, இந்தக் கப்சூலில் இருக்கிற, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் அன்டிஒக்சிடன்ட் அதைத் தணித்துவிடும், ஆகவே கல்யாண வீட்டிலும் தீபாவளியிலும் பயமில்லாமல் சாப்பிடலாம்.

இதில் முதலாவது உண்மை. அதற்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் உண்மையும் நிறைய அவசரமும் கலந்திருக்கிறது. மூன்றாவதுக்கு ஆதாரமே இல்லை. ஒரு போத்தலுக்குக் கொடுக்கிற காசு தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பத்துக்குப் பல நாள் சம்பளம். அதனால் இதை ஆற அமர விளங்கிக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

சரி, சாப்பாட்டிலிருந்தே தொடங்குவோம். ஒரு கொத்து ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டியை ஊறவைக்க எண்ணெய், கல்லில் ஊற்ற எண்ணெய், முட்டை, கோழிக்கறியில் மிதக்கும் எண்ணெய், சிலருக்கு மேலே சீஸும் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 13, 14 கிராம் கொழுப்பு இருக்கிறது. நாலு கரண்டி உள்ளே போனால் 50 கிராமைத் தாண்டிவிடும்.

சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள மாச்சத்து சீனியாக உடைந்து நேராக ஈரலுக்குப் போகிறது. கொழுப்பு போகிற வழி வேறு. சிறுகுடல் அதை உடைத்து உறிஞ்சி, மறுபடியும் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு வடிவமாகக் கட்டி, மேலே புரதம் போர்த்திய நுண்ணிய உருண்டைகளாக்கி, நிணநீர்க் குழாய்களுக்குள் அனுப்புகிறது. இந்த உருண்டைகளுக்குக் கைலோமைக்ரோன் என்று பெயர். அவை நெஞ்சுக்குள் மேலேறி, இடது பக்கக் கழுத்தடியில் உள்ள பெரிய நாளத்தில் இரத்தத்தோடு கலக்கின்றன. ஈரலின் கைக்குப் போகும் முன்பே உடம்பு முழுவதையும் சுற்றி வருகின்றன என்று அர்த்தம். நல்ல கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த இரத்தத்தைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால், மேலே தெளியும் நீர் பால் கலந்தது போல மங்கலாக இருப்பது இதனால்தான்.

இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் உச்சத்துக்குப் போவது பொதுவாகச் சாப்பிட்ட மூன்று, நாலு மணி நேரத்தில். பழைய அளவுக்கு இறங்க ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். இரவு எட்டு மணிக்குக் கொத்து சாப்பிட்டவருக்கு உச்சம் வருவது நடுராத்திரியை ஒட்டி, தூக்கத்தில். காலையில் வெறும் வயிற்றோடு கிளினிக்குப் போய் இரத்தம் கொடுக்கும்போது அது இறங்கிப் போயிருக்கும். ரிப்போர்ட்டில் தெரிவது விடிந்த பிறகு உள்ள அளவு மட்டுமே.

தசைகளிலும் கொழுப்புத் திசுக்களிலும் உள்ள நுண்குழாய்ச் சுவரில் ஒரு நொதி ஒட்டியிருக்கிறது. அதுதான் கைலோமைக்ரோனிலிருந்து கொழுப்பை உருவி எடுக்கிறது. மிச்சமாகும் சிறு துண்டுகள் கொலஸ்ட்ரோலைச் சுமந்தபடி அலைகின்றன. ஈரல் அவற்றை வாங்கிக்கொள்ளத் தாமதமானால், இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் நாடிகளின் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. டொனால்ட் சில்வர்ஸ்மிட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1979இல் இதை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். நாடிகள் தடிப்பது வெறும் வயிற்று நேரத்தை விட, சாப்பிட்ட பிறகான மணித்தியாலங்களில்தான் அதிகம் நடக்கிறது என்பது அவர் சொன்னது. பல வருடம் அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 2007இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனிலிருந்தும் அமெரிக்காவின் பொஸ்டனிலிருந்தும் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. வெறும் வயிற்றில் எடுக்காத ட்ரைகிளிசரைட் அளவு மாரடைப்பு அபாயத்தோடு வலுவாக இணைந்திருப்பதை இரண்டும் காட்டின. பொஸ்டன் ஆய்வில், சாப்பிட்டு இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் எடுத்த அளவுதான் அபாயத்தை ஆகக் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தது.

அழற்சி இதற்குள் எப்படி வருகிறது? நாடியின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களுக்குத் திடீரென்று எரிபொருள் அளவுக்கு மேல் வந்து சேர்கிறது. எரிக்கும்போது சுப்பரொக்சைட் போன்ற, எதையும் பற்றிக்கொள்ளும் ஒட்சிசன் துணுக்குகள் கூடுகின்றன. நாடியைத் தளர வைக்கும் நைட்ரிக் ஒக்சைட்டை அவை தின்றுவிடுகின்றன. 1997இல் அமெரிக்காவின் பல்டிமோரில் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஆரோக்கியமான 10 பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள காலைச் சாப்பாட்டைக் கொடுத்துக் கை நாடி எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். அடுத்த சில மணி நேரத்துக்கு அந்த விரிவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அதே கலோரி, ஆனால் கொழுப்பில்லாத சாப்பாட்டில் அப்படி நடக்கவில்லை.

இதோடு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் ஏறுகிறது. அழற்சிச் செய்தி சொல்லும் இன்டர்லூகின்-6 என்ற பொருளும் பல ஆய்வுகளில் ஏறியிருக்கிறது. 2007இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். குடலில் வாழும் பக்டீரியாவின் உறையிலிருந்து உதிரும் நச்சுப்பொருள், கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு சிறிதளவு இரத்தத்துக்குள் வந்துவிடுகிறது. எதிரி வந்துவிட்டான் என்று வெள்ளை அணுக்கள் விழித்துக்கொள்ள அந்தச் சிறிதளவே போதும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், விற்பனைப் பேச்சில் இது வராது. இந்த அழற்சி மெல்லியது, தானாக அடங்குவது. காய்ச்சலோ வலியோ எதுவும் தெரியாது. அழற்சியைப் பார்க்க டொக்டர்மார் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் சி.ஆர்.பி. என்ற இரத்தச் சோதனை இந்தச் சில மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அசைவதே இல்லை. ஒரு தீபாவளிச் சாப்பாட்டால் யாருடைய நாடியும் கெட்டுவிடாது. ஒரு சாப்பாட்டின் அலை இறங்க முன்னரே அடுத்ததும், அது இறங்க முன்னரே மாலை ரோல்ஸும் பெட்டிஸும் என்று வருடக்கணக்கில் போகும்போதுதான் நாடிச் சுவர் பாதிக்கப்படுகிறது.

எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இந்த அலை எழுவதும் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரிச் சாப்பாட்டைக் கொடுத்து அளந்து 2020இல் வெளியிட்டார்கள். கொழுப்பு ஏறிய அளவு ஆளுக்கு ஆள் பெரிதாக வேறுபட்டது, ஒரே மரபணு கொண்ட இரட்டையரிடம்கூட. அதே குழு அடுத்த வருடம் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு அதிகம் ஏறியவர்களிடம் அழற்சிக் குறியும் கூடுதலாக ஏறியிருந்தது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள் ஆகியோருக்கு உச்சமும் உயரம், இறங்கவும் நேரமெடுக்கும். தெற்காசியர்களாகிய நமக்கு இதில் கவலைப்படக் காரணம் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது தெற்காசியாவில் 53, மற்ற நாடுகளில் 59.

மலையகத்தில் இந்த வேறுபாட்டை ஒரே குடும்பத்துக்குள் பார்க்கலாம். அம்மா காலையில் மலைக்கு ஏறி, சரிவில் நின்று, 18 கிலோவோ 20 கிலோவோ கொழுந்து பறித்து முதுகில் சுமந்தவர். தசை நாள் முழுக்க வேலை செய்யும்போது, நான் மேலே சொன்ன அந்த நொதியும் தசைக்குள் கூடுகிறது. சாப்பாட்டிலிருந்து வரும் கொழுப்பு இரத்தத்தில் தேங்காமல் போய்விடுகிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இதைப் பல வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். முதல் நாள் நன்றாக நடந்தவருக்கு மறுநாள் கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் உச்சம் தாழ்வாக இருக்கிறது. நடப்பதை நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் அந்தப் பயன் கரைந்துவிடுகிறது. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், அல்லது டவுனில் ஓட்டோ ஓட்டுகிறான். அம்மாவின் காலத்தில் கோதுமை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும்தான். எண்ணெய் அளந்து ஊற்றும் பொருளாக இருந்தது. மகனுக்கு இரவுச் சாப்பாடு கடையில். நடை இல்லை, எண்ணெய் கூடிவிட்டது. அம்மாவும் வேலையை விட்டு லயத்தில் உட்கார்ந்த பிறகு அதே நிலைக்கு வந்துவிடுகிறார். கப்சூல் விற்கிறவர்கள் தேடி வருவதும் இந்த இரண்டு பேரைத்தான்.

அன்டிஒக்சிடன்ட் நம்பிக்கை எங்கிருந்து வந்தது

பல்டிமோர் குழுவே அதே 1997இல் இன்னொரு பரிசோதனையும் செய்தது. கொழுப்புச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிராம் விற்றமின் சி, 800 அலகு விற்றமின் ஈ இரண்டையும் கொடுத்தார்கள். 20 பேரில் நாடியின் விரிவு குறையவில்லை. ஒட்சியேற்றம்தான் குற்றவாளி, அதைத் தடுத்தால் நாடி பிழைக்கும் என்பதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது போல இருந்தது. உலகம் முழுவதும் அன்டிஒக்சிடன்ட் வியாபாரம் பெருத்த காலம் அது.

நம்பிக்கை வேறு, விளைவு வேறு. ஒரு நாளைக்கு நாடி விரிவதை அளப்பதை விட்டு, வருடக்கணக்கில் குளிசை கொடுத்து யாருக்கு மாரடைப்பு வருகிறது, யார் சாகிறார்கள் என்று எண்ணிய பெரிய ஆய்வுகளில் வேறு செய்தி கிடைத்தது. பின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களில் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டீன் என்ற அன்டிஒக்சிடன்ட் குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. 2000இல் வெளியான ஹோப் ஆய்வில் விற்றமின் ஈயால் இதயத்துக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. 78 ஆய்வுகளை, ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரின் விவரங்களை ஒன்றாகத் திரட்டிய கொக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2012ஆம் வருட மீளாய்வு, பீட்டா கரோட்டீனும் விற்றமின் ஈயும் சாவைச் சற்றுக் கூட்டுவதாகவே தெரிகிறது என்று சொன்னது. அதே வருடம் அமெரிக்க விவசாயத் திணைக்களம், எந்த உணவில் எவ்வளவு அன்டிஒக்சிடன்ட் வலு என்று போட்டிருந்த தன் பட்டியலைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் அளந்த எண்ணுக்கும் மனித உடம்புக்குள் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, ஆனால் கம்பனிகள் அந்த இலக்கத்தை விளம்பரத்தில் போடுகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். போத்தல்கள் சிலவற்றில் அந்த இலக்கத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

விற்றமின் வேறு, தாவரத்தில் உள்ள பொலிபீனோல் என்ற அன்டிஒக்சிடன்ட் வகை வேறு என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. மாத்தளைப் பக்கம் தோட்டங்களிலும் விளைகிற கொக்கோவின் சாற்றை வைத்து அது நடந்தது. அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு மூன்றரை வருடம் கொக்கோச் சாற்றுக் கப்சூல் கொடுத்துப் பார்த்த கொஸ்மோஸ் ஆய்வு 2022இல் முடிவைச் சொன்னது. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கில் தெளிவான குறைவு கிடைக்கவில்லை. இதய நோயால் ஏற்பட்ட சாவுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 27 வீதம் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் தகவல்தான், ஆனால் ஆய்வின் முக்கியக் கேள்விக்கு அது விடை அல்ல.

ஏன் இப்படி ஆகிறது? ஒட்சிசன் துணுக்குகளை உடம்பு சும்மா உண்டாக்குவதில்லை. கிருமியைக் கொல்வதும் அவை, நடந்த பிறகு தசைக்கு வலு ஏறச் சொல்வதும் அவை. 2009இல் ஜெர்மனியில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு விற்றமின் சியும் ஈயும் அதிக அளவில் கொடுத்தபோது, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பயன் மறைந்துபோனது. இன்னொரு காரணம் அளவு. பொலிபீனோல்களில் பெரும்பகுதி குடலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போவதையும் ஈரல் உடனே வேறு பொருளாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. விழுங்கிய கப்சூல் அப்படியே நாடிக்குப் போய்த் தீயணைக்கிறது என்ற படம் தவறு.

சட்டிக்குள் நடக்கும் வேலை

எனக்கு இந்த விஷயத்தில் ஆகச் சுவாரசியமாகப்பட்டது இரைப்பையைப் பற்றிய ஆராய்ச்சி. இஸ்ரேலில் ஜோசப் கன்னர் என்பவரின் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. இறைச்சியில் இரும்பு இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. இரைப்பையில் அமிலமும் சற்று ஒட்சிசனும் இருக்கின்றன. இவை எல்லாம் கலந்து இரண்டு, மூன்று மணி நேரம் சூட்டில் கிடக்கும்போது கொழுப்பு அங்கேயே சிக்கடித்துப் போகிறது. அப்போது உண்டாகும் மெலொன்டயல்டிகைட் போன்ற நஞ்சுகள் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போய், கெட்ட கொலஸ்ட்ரோலை இன்னும் கெடுக்கின்றன. வான்கோழி இறைச்சியைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அந்தப் பொருள் ஏறியது. பொலிபீனோல் உள்ள சிவப்பு வைனோடு சேர்த்துக் கொடுத்தபோது ஏறவில்லை.

வைனை விடுங்கள். இதில் கவனிக்க வேண்டியது நேரமும் இடமும். பொலிபீனோல் உறிஞ்சப்பட வேண்டிய அவசியமே இல்லை. கொழுப்பு கிடக்கிற அதே இரைப்பையில், அதே நேரத்தில் இருந்தாலே போதும். காலையில் விழுங்கிய கப்சூல் இரவுக் கொத்துக்கு இந்த வேலையைச் செய்ய முடியாது. சட்டியில் இறைச்சியோடு வெந்த மிளகும் இஞ்சியும் கராம்பும் செய்ய முடியும். கலிபோர்னியாவில் 2010இல் மசாலா கலந்து சுட்ட இறைச்சியைக் கொடுத்தபோது, கலக்காததை விட அந்த நஞ்சு இரத்தத்தில் குறைவாக இருந்தது. 2011இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் மஞ்சள், கறுவா, கராம்பு, இஞ்சி, மிளகு, பூண்டு உள்ளிட்ட 14 கிராம் மசாலாவைக் கொழுப்புச் சாப்பாட்டில் சேர்த்தது. ட்ரைகிளிசரைட் ஏற்றம் 31 வீதமும் இன்சுலின் ஏற்றம் 21 வீதமும் குறைந்தன. 2020இல் அதே பல்கலைக்கழகத்தில் 12 ஆண்களுக்கு 6 கிராம் மசாலா போதுமா என்று பார்த்தார்கள். வெள்ளை அணுக்களிலிருந்து வரும் ஓர் அழற்சிப் பொருள் அந்த அளவிலும் குறைந்தது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது யாருக்கும் மாத்தளை ரோட்டு வாசனைத் திரவியத் தோட்டங்கள் ஞாபகம் வரும். நம்முடைய கோழிக்கறி மசாலாதான் அது. பெருமைப்படலாம், ஆனால் ஆய்வின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011ஆம் வருட ஆய்வில் இருந்தவர்கள் ஆறே ஆறு ஆண்கள். பார்த்தது ஒரு நேரச் சாப்பாடு. பத்து வருடம் மசாலா சாப்பிட்டால் மாரடைப்பு குறையும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியுமென்றால் மசாலா தின்கிற தெற்காசியாவில் 53 வயதில் மாரடைப்பு வந்திருக்கக் கூடாது. மசாலா எண்ணெயின் பாதிப்பைச் சற்றுக் குறைக்கலாம், எண்ணெயை இல்லாமலாக்காது.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெயில் 90 வீதத்துக்கு அருகில் நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். அதே காரணத்தால் சூட்டில் எளிதில் சிக்கடிக்காது. சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் பொரிக்கும்போது இதைவிட வேகமாகக் கெடும். எந்த எண்ணெயாக இருந்தாலும் வடையும் ரோல்ஸும் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை நாலாம் நாளும் சூடாக்கினால், இரைப்பையில் உண்டாகும் என்று மேலே சொன்ன நஞ்சு தாச்சியிலேயே உண்டாகிவிடும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பொரித்த எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 வீத அளவைத் தாண்டினால் கடைக்காரர் அதைக் கொட்டியாக வேண்டும். நம் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் யாராவது அப்படி அளந்து பார்த்தால், எந்தக் கப்சூலை விடவும் மக்களுக்குப் பயன் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

தேத்தண்ணி

மலையகத்தில் இருந்துகொண்டு பொலிபீனோலைப் பற்றிப் பேசினால் தேயிலையில்தான் வந்து நிற்க வேண்டும். ஒன்றரை நூற்றாண்டாக நம் மக்கள் முதுகில் சுமந்த கொழுந்தின் காய்ந்த எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பொலிபீனோல்தான். பச்சைத் தேயிலையில் அது கட்டெகின் என்ற வடிவில் இருக்கிறது. ஃபெக்டரியில் கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றுப்பட விடும்போது இலையிலுள்ள நொதி அதைத் தியாஃபிளவின், தியாருபிஜின் என்ற செந்நிறப் பொருள்களாக மாற்றுகிறது. சாயத்தண்ணியின் நிறமும் துவர்ப்பும் அவைதான். கறுப்புத் தேயிலையில் சத்துப் போய்விட்டது, பச்சைத் தேயிலைக் கப்சூல்தான் மருந்து என்று சொல்வதை நம்ப வேண்டாம். இத்தாலியில் உயர் இரத்த அழுத்தமுள்ள 19 பேருக்கு எட்டு நாள் கறுப்புத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கொழுப்பை ஊட்டியபோது, நாடி விரிவு குறையாமல் நின்றது. 2016இல் வெளியான ஆய்வு அது. கொழுப்புச் சாப்பாட்டையும் தேத்தண்ணியையும் நேராகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு என்பதால் நமக்கு முக்கியம். ஆள் எண்ணிக்கை சிறியது என்பதை இங்கேயும் மறக்கக் கூடாது.

பால் சேர்த்தால் என்ன ஆகும்? பெர்லினில் 16 பெண்களில் நடந்த 2007ஆம் வருட ஆய்வில், பால் சேராத தேத்தண்ணி நாடியை விரித்தது, பால் சேர்த்தது விரிக்கவில்லை. பாலின் புரதம் பொலிபீனோலைப் பிடித்துவைக்கிறது என்றார்கள். நெதர்லாந்தில் 1998இல் வந்த ஆய்வில் பால் சேர்த்தாலும் இரத்தத்துக்கு வரும் கட்டெகின் குறையவில்லை. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. நம்மூர்ப் பால் டீயில் பாலை விட எனக்குக் கவலை சீனிதான். மூன்று கரண்டி சீனியும் ட்ரைகிளிசரைட்டைக் கூட்டுகிற பொருள்தான்.

ஆனால் தேத்தண்ணியில் நமக்கு உள்ள பெரிய பிரச்சினை இதயத்தைப் பற்றியது அல்ல, இரத்தச் சோகையைப் பற்றியது. எந்தப் பொலிபீனோல் இரைப்பையில் இறைச்சியின் இரும்பைக் கட்டிப்போட்டுக் கொழுப்பைக் காப்பாற்றுகிறதோ, அதே பொலிபீனோல் பருப்பிலும் கீரையிலும் ரொட்டியிலும் உள்ள இரும்பையும் கட்டிப்போடுகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு குடித்த கறுப்புத் தேத்தண்ணி அந்த இரும்பு உறிஞ்சப்படுவதை 79 முதல் 94 வீதம் வரை குறைத்தது. தோட்டத்துப் பெண்களில் இரத்தச் சோகை நீண்டகாலப் பிரச்சினை. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், பத்து மணிக்குத் தேத்தண்ணி, மத்தியானம் சோற்றோடு இன்னொன்று என்றால் தட்டில் இருந்த இரும்பு எங்கே போய்ச் சேரும்? லண்டனில் 2017இல் பார்த்தபோது, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடித்தால் இந்தத் தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கர்ப்பிணிப் பெண்கள், பிள்ளைகள், மாதவிடாய் உள்ள பெண்கள் எல்லாருக்கும் இதையே சொல்வேன். சாப்பாட்டோடு தண்ணீர், சம்பலில் தேசிக்காய்ப் புளி; தேத்தண்ணி ஒரு மணி நேரம் பொறுத்து. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. பச்சைத் தேயிலை, திராட்சை விதைக் கப்சூல்களுக்கும் இது பொருந்தும். சோகையுள்ள பெண்ணுக்கு அவற்றைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வது அநியாயம்.

அப்புறம் ஈரல். பச்சைத் தேத்தண்ணி குடிப்பதால் ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகும் முக்கிய கட்டெகின் 90 முதல் 300 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கணக்கிட்டது. குளிசையாக 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் இரத்தத்தில் தெரியத் தொடங்குகின்றன என்று அதே அறிக்கையில் எச்சரித்தது. மஞ்சளிலும் இதே கதைதான். கறியில் போடும் மஞ்சள் தூளில், மஞ்சளின் முக்கியப் பொருளான குர்க்குமின் மூன்று வீதம் போல. அதுவும் சிறிதளவே உறிஞ்சப்படும். கப்சூலில் குர்க்குமினை மட்டும் பிரித்தெடுத்து, மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்க்கிறார்கள். பைப்பரின் சேர்ந்தால் மனிதரில் குர்க்குமின் உறிஞ்சப்படுவது இருபது மடங்கு கூடுகிறது என்று 1998இல் இந்தியாவில் கண்டறிந்தார்கள். விளம்பரத்தில் இதைப் பெருமையாகப் போடுவார்கள். ஈரல் மருந்துகளைக் கழிக்கும் வேகத்தைத் தடுத்துத்தான் பைப்பரின் இதைச் செய்கிறது. ஆகவே வலிப்பு மருந்து, ஆஸ்துமா மருந்து, இரத்த அழுத்த மருந்து சிலவும் இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறலாம். அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் குழு, மஞ்சள் கப்சூலோடு தொடர்புபட்ட 10 நோயாளிகளை 2022இல் விவரித்தது. அதில் ஒருவர் இறந்துபோனார். கறிக்கு மஞ்சள் போட்டதால் யாருக்கும் இப்படி ஆனதாக எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைதான் மருந்துக்கும் உணவுக்கும் நடுவில் நிற்கும் இத்தகைய பொருள்களையும் பதிவு செய்கிறது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் போத்தலில் பதிவு இலக்கம் இருக்கிறதா, ஒரு கப்சூலில் எந்தச் சாறு எத்தனை மில்லிகிராம், பைப்பரின் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த மூன்றும் எழுதியில்லாத போத்தலை விற்கிறவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டில் ஏற்கனவே யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த கிளினிக் நாளில் மருந்துச் சீட்டோடு அந்தப் போத்தலையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுப்பவர்களும் வலிப்பு மருந்து எடுப்பவர்களும் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கேட்க வேண்டும். கண் மஞ்சளாவது, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போவது, விடாத குமட்டல், காரணமில்லாத அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே நோவு, இவற்றில் எது தெரிந்தாலும் கப்சூலை அன்றே நிறுத்திவிட்டு, ஈரல் சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.